முப்பத்தெட்டு (எ) நாற்பத்தொன்றாம் பகுதி

பழைய தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எதைக் கேட்டாலும் ஆதாரத்தோடு பதில் சொல்வதற்கென்றே ஸ்ரீரங்கத்தில் ஒரு நிறுவனம் இருக்கிறது. பெயர் ‘தொன்மைத் தொலைக்காட்சித் தொடர்கள் ஆதாரப் பேராய்வு மையம்’. இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர்களுக்குத்தான் அங்கே வேலை கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இதுவரை யாருக்கும் எந்தப் பதிலும் சொன்னதில்லை. ஆகையால் சொன்ன பதில் ஒன்றுகூடத் தவறாகப் போனதில்லை என்று வருடா வருடம் ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்கிறார்கள்.

வேணிக்குத் திருச்சி கே.கே. நகரில் ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்று பெயரே தவிர, அங்கே நடப்பதெல்லாம் படிவம் நிரப்புவதுதான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பெயர் நீக்குவது, சேர்த்த பெயரில் விட்டுப்போன எழுத்தைச் சரிசெய்வது என்று ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு நிரப்பிக் கொடுப்பாள். தன்னால் நிரப்ப முடியாத படிவம் இன்னும் அச்சாகவில்லை என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்போடுதான் ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறி மையத்துக்கு வந்தாள்.

வந்த காரணம் அவளுடைய அப்பா. பாலு டவுன் பஸ் கண்டக்டர். 1993-இல் ‘வெற்றிலை வீட்டு மருமகள்’ என்ற வாரத் தொடருக்காக அவருடைய ஊரான ஜீயபுரத்தில் படம் பிடித்தார்கள். கதாநாயகி கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போகிற காட்சி. கண்டக்டராக நடிக்க வேண்டியவர் சென்னையிலிருந்து வந்து சேரவில்லை. பஸ் இருந்தது, தோளில் பையோடு நிஜக் கண்டக்டரும் இருந்தார். அவரையே நிற்க வைத்து எடுத்துவிட்டார்கள். மூன்று வரி வசனம் பேசியதாகப் பாலு வீட்டில் வந்து பெருமையடித்துக்கொண்டார். ஒளிபரப்பான அன்றைக்குப் பார்த்து ஜீயபுரத்தில் கரண்ட் இல்லை. மூன்று வருடம் கழித்து ஒரு விபத்தில் அவர் போய்விட்டார். வேணிக்கு அப்போது ஒன்றரை வயது.

அப்பாவின் முகம் கல்யாண போட்டோவில் இருக்கிறது. குரல்தான் எங்கேயும் இல்லை. அம்மா இருசம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயதிலேயே வலது காது போய்விட்டது, இடது காது போய்க்கொண்டிருக்கிறது. மெஷின் வைத்தாலும் சத்தம் கேட்குமே தவிர பேச்சு பிரியாது, இருக்கிற காதும் ஆறு மாதம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே இருசம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குக் காதுன்னு ஒன்னு இருக்கறப்பவே அவரு குரல ஒருதரம் கேட்டுடணும்டி. எங்கயாவது இருக்கும். தேடு.”

அன்றிலிருந்து வேணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இணையத்தில் துழாவினாள். பழைய சீரியல் ரசிகர் ஒருவரின் பக்கம் அந்தக் காட்சி முப்பத்தெட்டாம் பகுதியில் வருகிறது என்றது. இன்னொரு பட்டியல் நாற்பத்தொன்று என்றது. ரசிகர் குழு ஒன்றில் கேட்டதற்கு எழுபது பேர் ‘சூப்பர் சீரியல்’ என்று எழுதிவிட்டு ஆளுக்கொரு பத்தி தங்கள் சிறு வயதைப் பற்றி எழுதினார்கள். வீடியோ ஒருவரிடமும் இல்லை. தயாரிப்பாளர் தன்னிடமிருந்த கேசட்டுகளையெல்லாம் ஸ்ரீரங்கத்து மையத்தில் ஒப்படைத்துவிட்டார் என்று கடைசியாக ஒருவர் தகவல் கொடுத்தார்.

மையத்தின் வாசல் மேசையில் ஆரிஃபா என்ற பெண் இருந்தாள். மேற்கோள் உதவியாளர் என்று எதிரே பலகை.

“எந்தப் பகுதிங்க வேணும்?”

“‘வெற்றிலை வீட்டு மருமகள்’ல முப்பத்தெட்டு. இல்லன்னா நாப்பத்தொன்னு.”

ஆரிஃபா பேனாவை மூடி வைத்தாள். “அல்லாவே! அதுல வந்து மாட்டிக்கிட்டீங்களா? இயக்குநரப் பாருங்க.”

இயக்குநர் முனைவர் சித்தார்த்தனின் அறையில் கேடயங்கள் நிறைய இருந்தன. தொலைக்காட்சிப் பெட்டிதான் இல்லை. வேணி சொன்னதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஏம்மா, ஆதாரத்துல மூணு தரம் இருக்கு. முதல் தரம், அந்தக் காலத்துல அச்சான நிகழ்ச்சி நிரல். ரெண்டாந்தரம், அதைப் பார்த்து எழுதின புத்தகம். மூணாந்தரம், அந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதின இணையதளம். இதுக்கெல்லாம் கீழ, தரமே இல்லாததுன்னு ஒன்னு உண்டு. பார்த்தவங்க, நடிச்சவங்க, கூட நின்னவங்க சொல்றது பூரா அதுல வரும்.”

“அந்த கேசட்டு எதுல சார் வரும்?”

“எந்த கேசட்?”

“அந்த எபிசோடே இருக்கற கேசட்டு.”

சித்தார்த்தன் பரிதாபமாகச் சிரித்தார். “எபிசோடு எப்படிம்மா ஆதாரமாகும்? எபிசோடுக்குத்தான் ஆதாரம் வேணும். புத்தகத்துல ஒன்னு இருக்கு, கேசட்டுல வேற இருக்குன்னா கேசட் தப்பு. அதுக்குன்னு ஸ்டாம்பே வச்சிருக்கோம் பாருங்க.” இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். ‘பிழையான பகுதி’ என்று இருந்தது. குத்திக் குத்தி எழுத்து தேய்ந்திருந்தது.

“நீங்க இந்த சீரியலப் பார்த்திருக்கீங்களா சார்?”

“பத்தொன்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு எபிசோடு பார்த்தது கிடையாது. பார்த்தா மனசுல ஒரு சாய்வு வந்துடும்மா. ஆராய்ச்சிக்கு அது ஆகாது.” குடியை விட்டவர் சொல்கிற பெருமிதம் அவர் முகத்தில் இருந்தது.

விண்ணப்பம் பதினோரு பக்கம். வேணி இருபது நிமிடத்தில் நிரப்பினாள். ஒரே ஓர் இடத்தில்தான் பேனா நின்றது. ‘பகுதி எண்’ என்ற இடத்தில் இலக்கத்துக்கு ஒன்றாக இரண்டே கட்டங்கள் இருந்தன, அவளிடமோ இரண்டு எண்கள் இருந்தன. கட்டத்துக்கு வெளியே நீட்டி ‘38 (எ) 41’ என்று எழுதினாள். திருட்டு வழக்கில் பெயர் போடுகிற மாதிரி ஆகிவிட்டது. கட்டத்தை மீறிய விண்ணப்பமெல்லாம் சரிபார்ப்புக் குழுவுக்குப் போகும் என்றார்கள்.

குழு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை கூடும். ஜூன் மாதம் கூடவில்லை, குத்துவிளக்கு ஏற்ற வேண்டிய சிறப்பு விருந்தினருக்குக் காய்ச்சல். ஜூலையில் விருந்தினர் வந்தார், சால்வை வரவில்லை. இதற்கிடையில் வீட்டில் இருசம்மாளுக்குக் குக்கர் விசில் கேட்காமல் போனது. அடி பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து ஓடினாள். வேணி தினமும் மையத்துக்குப் போன் போட்டாள். ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று பதிவு செய்த குரல் ஒன்று சொன்னது. அந்தக் குரலையாவது யாரோ பத்திரமாக வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆகஸ்டில் விளக்கு, சால்வை, விருந்தினர் மூன்றும் ஒரே நாளில் அமைந்தன. குழுவில் ஏழு பேர். மூவர் முப்பத்தெட்டுக் கட்சி, மூவர் நாற்பத்தொன்று கட்சி, நடுவில் சித்தார்த்தன். முப்பத்தெட்டுக்குத் தலைவர் சித்திரை வீதி மாதவன். அவர் முன்னால் ‘ரசிகர் கையேடு’ என்ற பழைய புத்தகம் பட்டுத்துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. எதிர்க் கட்சியின் முன்னால் பைண்டு செய்த வாராந்திர நிகழ்ச்சி நிரல்.

“அம்மாடி, பகுதி எண்ங்கிறது சாமான்ய விஷயம் இல்லை,” என்று மாதவன் ஆரம்பித்தார். “அடியேன் இருபத்தெட்டு வருஷமா இதையே அனுசந்தானம் பண்ணிண்டு வரேன். கையேடு முப்பத்தெட்டுன்னு ஸ்பஷ்டமா சாதிக்கிறது. நாப்பத்தொன்னுன்னு சொல்றவாளெல்லாம் பிற்காலத்துல வந்தவா. அவாளோட உக்காந்து நாங்க ஒரு வாய் காபி சாப்பிடறதில்லை.”

வேணி இரண்டு புத்தகங்களையும் பார்க்கலாமா என்று கேட்டாள். பட்டுத்துணியைத் தொடாமல் பார்க்க அனுமதி கிடைத்தது. இரண்டிலும் விரலை வைத்து வரிசையாக இறங்கினாள். இந்த வேலையை அவள் கடையில் தினமும் செய்கிறாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

“சார், நடுவுல மூணு வாரம் கிரிக்கெட் மேட்ச் போட்டிருக்காங்க. அந்த மூணு வாரம் சீரியல் வரல. நிகழ்ச்சி நிரல்ல மேட்ச் வந்த வாரத்தையும் சேர்த்து எண்ணியிருக்காங்க. கையேட்டுல வந்த எபிசோட மட்டும் எண்ணியிருக்காங்க. முப்பத்தெட்டும் நாப்பத்தொன்னும் ஒரே எபிசோடுதான். நீங்க சொல்றதும் சரி, அவங்க சொல்றதும் சரி.”

இரண்டு கட்சிக்காரர்களும் வெகுகாலத்துக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ரெண்டும் சரின்னா,” என்றார் மாதவன் மெதுவாக, “எங்களுக்கெல்லாம் இங்க என்ன கைங்கர்யம்?”

நாற்பத்தொன்று கட்சித் தலைவர் கலங்கிப்போய்த் தலையாட்டினார். இருபத்தெட்டு வருடத்தில் இரு தரப்பும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். வேணியின் கருத்து ஒருமனதாகத் தள்ளுபடியானது. மகிழ்ச்சியில் எல்லோரும் சேர்ந்து காபி சாப்பிட்டார்கள்.

வேணி விடுவதாக இல்லை. சாட்சிக்கு ஆள் கொண்டுவந்திருந்தாள். ஜீயபுரத்து வெள்ளைச்சாமி. அந்த பஸ்ஸின் டிரைவராக இருந்தவர். ஓய்வு பெற்று வாழைத் தோட்டம் பார்க்கிறார். வெள்ளை வேட்டி கட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று பழைய லைசென்ஸையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“அன்னிக்கு அந்த பஸ்ஸ ஓட்டுனது நான்தானுங்க,” என்றார்.

சித்தார்த்தன் கையேட்டைப் புரட்டினார். “ஓட்டுநர்னு இதுல யார் பேரும் இல்லியே.”

“பேரு போடலன்னா பஸ்ஸு தானா போயிருக்குமாங்க?”

“அதை நாங்க ஆராயல. புத்தகத்துல ஓட்டுநர் இல்ல. ஆக, பஸ் ஓடினதுக்கு ஆதாரம் இல்ல.” அதையும் குறிப்பில் ஏற்றச் சொன்னார். “சரி, பாலுங்கறவர் வசனம் பேசினது உங்க காதுல விழுந்துச்சா?”

“வாய் அசைஞ்சது முன்னாடி இருந்த கண்ணாடியில தெரிஞ்சுது. எஞ்சின் சத்தத்துல என்னங்க கேக்கும்?”

“பேசினதுக்கும் ஆதாரம் இல்ல. தவிர, கண்டக்டர் வேஷம் யாருன்னு கையேட்டுல தெளிவா போட்டிருக்கு.” அவர் படித்தது, அன்றைக்குச் சென்னையிலிருந்து வராமல் போன நடிகரின் பெயர்.

“அவரு வரவே இல்லீங்களே!”

“வராதவர் பேரை ஏன் அச்சடிக்கப் போறாங்க?” என்றார் சித்தார்த்தன். விருந்தினருக்குச் சால்வை போர்த்திக் கூட்டத்தை முடித்தார்கள். வெள்ளைச்சாமி வெளியே வந்ததும் லைசென்ஸை எடுத்துத் தன் போட்டோவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

செப்டம்பர் முதல் வாரம் தீர்ப்பு தபாலில் வந்தது. ‘இரண்டு எண்கள் கொண்டமையால் இருப்பே உறுதி செய்யப்படாத ஒரு பகுதியில், ஓடியதற்கு ஆதாரமற்ற ஒரு பேருந்தில், விண்ணப்பதாரரின் தந்தையார் நடிக்கவில்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்படுகிறது.’ கீழே ஏழு கையெழுத்துகள். பத்தொன்பது வருடத்தில் மையம் சொன்ன முதல் பதில் அதுதான்.

வேணி அந்தக் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தாள். அப்பா செத்துப்போனது அவளுக்கு நினைவில்லை. இந்தக் கடிதத்தில் அவரை இன்னொரு தடவை சாகடித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஆத்திரம் தாங்கவில்லை, அழுகையும் வந்தது. வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினாள். சித்தார்த்தனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்றுதான் போனாள்.

அவர் ஊரில் இல்லை. ‘நேரில் பார்க்காமல் ஆராய்வது எப்படி’ என்று பேச வெளியூர் போயிருந்தார். ஆரிஃபாதான் இருந்தாள். வேணியின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள்.

“அக்கா, ஒன்னு சொல்றேன், கோபப்படாதீங்க. வெள்ளிக்கிழம கேசட்டெல்லாம் பழைய சாமானுக்குப் போகுது. டிஜிட்டல் பண்ணி முடிச்சாச்சு, இனிமே கேசட் தேவையில்லன்னு ஆர்டர் வந்திருச்சு.”

“டிஜிட்டல் பண்ணிட்டாங்களா? அப்ப அந்த எபிசோடு கம்ப்யூட்டர்ல இருக்குமே!”

ஆரிஃபா கம்ப்யூட்டரில் திறந்து காட்டினாள். வரிசை வரிசையாகப் புகைப்படங்கள். ஒவ்வொரு கேசட்டின் முதுகையும் அழகாக, நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்திருந்தார்கள். உள்ளே இருந்ததை யாரும் எடுக்கவில்லை.

“ஏன்மா, போட்டுப் பார்க்க மெஷின்கூடவா இல்ல?”

“இருக்குக்கா. போன ஆயுத பூஜைக்கு பக்தியா சந்தனம் வச்சாங்க. வெளிய வச்சா போதாதுன்னு கதவத் தெறந்து உள்ள டேப்பப் படிக்கிற ஹெட்டு மேலயும் வச்சிட்டாங்க. அதுலேர்ந்து அது ஓடல. மாலை போட்டு அப்படியே வச்சிருக்கோம்.”

வேணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆரிஃபா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ‘கழிவுப் பொருள் எடுத்துச் செல்வோர் படிவம்’. அரைப் பக்கம்தான். பெயர், முகவரி, எடை. எந்தத் தொடர், எந்தப் பகுதி, அதற்கு என்ன ஆதாரம் என்று அதில் யாரும் கேட்கவில்லை. குறைந்தது இருபத்தைந்து கிலோ எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேணி ஒரு நிமிடத்தில் படிவத்தை நிரப்பினாள். ஆரிஃபாவும் அவளுமாகச் சாக்கில் அள்ளினார்கள். ‘வெற்றிலை வீட்டு மருமகள்’ மொத்தத்தையும் போட்டும் எடை பத்தவில்லை. மேலே வேறு மூன்று தொடர்களைக் கொட்டினார்கள். ஆட்டோ காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது வேணி சாக்கின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். யாராவது பின்னால் ஓடிவந்து, கழிவு என்பதற்கு ஆதாரம் கேட்பார்களோ என்று பயமாக இருந்தது.

கே.கே. நகரில் அவள் கடைக்குப் பக்கத்தில் அரவிந்தன் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பழைய கல்யாண கேசட்டுகளை சி.டி.யாக மாற்றிக் கொடுக்க ஒரு டெக்கை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஜீயபுரத்திலிருந்து வெள்ளைச்சாமியும் வந்து சேர்ந்தார். இருசம்மாள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், இடது காது அந்தப் பக்கம் வருகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

சாக்கிலிருந்து தேடி எடுத்த கேசட்டை அரவிந்தன் டெக்கில் போட்டதும் தலைப்புப் பாட்டு ஓடியது. பகுதி எண் திரையில் பெரிதாக வந்து போனது. ஒருவரும் கவனிக்கவில்லை. கால் மணி நேரம் கதாநாயகி அழுதாள். பிறகு பஸ் வந்தது. படியில் பாலு நின்றார். இருபத்தாறு வயது, காக்கிச் சட்டை, காதில் பென்சில். வேணி அப்பாவை முதல் தடவையாக நகர்கிற மனிதராகப் பார்த்தாள். அவர் திரும்பினார், வாயைத் திறந்தார்.

“பயணச்சீட்டு வாங்காதவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்! அம்மா, தாங்கள் எவ்விடம் செல்ல வேண்டும்?”

நாடக மேடையில் ராஜா வேஷம் போட்டவரின் குரல். திருச்சியில் எந்தக் கண்டக்டரும் இந்தப் பூமி தோன்றிய நாளிலிருந்து அப்படிப் பேசியிருக்க மாட்டார். உதடு ஒரு பக்கம் போனது, வசனம் வேறு பக்கம் போனது.

“இது அவரு இல்ல,” என்றாள் இருசம்மாள்.

வேணிக்குப் புரிந்துவிட்டது. டப்பிங். பஸ்ஸுக்கு வராத நடிகர் சென்னையில் மைக்குக்கு வந்துவிட்டார். மையத்தின் புத்தகம் சொன்னதிலும் பாதி உண்மை இருந்திருக்கிறது. அந்தப் பாதி சரியாக இருந்ததை நினைக்க நினைக்க அவளுக்கு எரிச்சலாக வந்தது. நான்கு மாத அலைச்சல், பதினோரு பக்கம், இருபத்தைந்து கிலோ, எல்லாம் எவனோ ஒருவனின் தொண்டையைக் கேட்பதற்கு. அம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“சத்தத்த நிறுத்து தம்பி,” என்றாள் இருசம்மாள் அரவிந்தனிடம். “அந்த எடத்தத் திரும்பப் போடு.”

காது மங்கத் தொடங்கியதிலிருந்து அவள் எதிரில் இருப்பவர்களின் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்துக்கொள்கிறாள். நாற்காலியை இழுத்துத் திரைக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சத்தமில்லாமல் பாலு திரும்பினார், வாயைத் திறந்தார், மூடினார். மூன்றாவது தடவை போட்டபோது இருசம்மாள் குபீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“என்னம்மா? என்ன சொல்றாரு?”

“வசனமா பேசுறாரு? பொய்யி! ‘யோவ் வெள்ளச்சாமி, இவனுங்க எப்பய்யா விடுவானுங்க, பசிக்குது’ங்கறாரு. வாய்க்கு வாய் பசிக்குது பசிக்குதுன்னுதான் சொல்றாரு.” சிரிப்பு நின்று சட்டென்று கோபம் வந்தது. “ஏன் பசிக்கும்? அன்னிக்குக் காலைல இட்லி கட்டிக் குடுத்து அனுப்புனேனே, அத என்ன பண்ணாரு இந்த மனுசன்?”

முப்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது. வெள்ளைச்சாமி செருப்பைத் தேடுகிற மாதிரி கீழே குனிந்தார். செருப்பு காலில்தான் இருந்தது. நிமிர்ந்து, அவளுக்கு வாய் தெரிகிற மாதிரி எதிரே வந்து நின்றார்.

“எனக்குத்தான்மா குடுத்துட்டாரு. அன்னிக்கு வீட்டுல சண்ட, நான் சாப்பிடாம வண்டிக்கு வந்துட்டேன். அஞ்சு இட்லி, எள்ளுப்பொடி தடவி இருந்துச்சு. அஞ்சையும் நான்தான் தின்னேன்.”

“அஞ்சா?”

“அஞ்சும்மா. நல்லா ஞாபகம் இருக்கு.”

இருசம்மாள் திரையில் நின்றுபோயிருந்த பாலுவின் பக்கம் திரும்பினாள்.

“நான் ஆறு வச்சேன்,” என்றாள். “அப்ப ஒன்னாவது தின்னுருக்காரு.”